உழைப்பவர்க்கு உடம்பே முதல்

(தாராவியில் நடைபெற்ற மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் சங்க அமைப்பாளர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் கூலி உயர்வைப் பற்றிப் பேசியிருக்கிறோம். குடிசை இடிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறோம். தமிழ் வகுப்புகள் குறைந்து வருவதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்றைக்கு வீட்டு நலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் இளைஞர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, அரசியல் மேடையில் சோத்துக்கும் சோப்புக்கும் என்ன வேலை?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

முதலாளிக்குப் பணம் முதல். சேட்டுக்குக் கடை முதல். நமக்கு? இரண்டு கையும் இரண்டு காலும்தான் முதல். நான் டாக்டர் அல்ல. பத்தாவது தேறிய ரயில்வே குமாஸ்தா. என் மேசைக்கு வருவது விடுப்பு விண்ணப்பங்கள். வயிற்றுப்போக்கு, தீக்காயம், மழைக்காலக் காய்ச்சல், கையெல்லாம் புண் என்று வருடம் முழுவதும் காரணங்களை எழுதி எழுதி எனக்கு மனப்பாடம். நிரந்தர ஊழியனுக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு. அவன் நிற்கும் அதே பிளாட்பாரத்தைக் கழுவுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன உண்டு? ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போச்சு. மூன்று நாள் படுத்தால் அந்த இடத்தில் வேறு ஆள். ஒரு வாரம் படுத்தால் வட்டிக்கடை. அந்த வட்டி, பிள்ளையின் படிப்பில் போய் முடிகிறது. ஆகவே தம்பி, இதுவும் கூலிப் பிரச்சினைதான்.

முதல் ஒரு மணி நேரம் நம்முடையது

நம் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். தீயணைப்பு வண்டி எங்கே நுழையும்? ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும். எனவே எந்த ஆபத்திலும் முதல் ஒரு மணி நேரம் நாமே நமக்குத் துணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைக் கதவின் உட்புறம் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எல்லா அவசரத்துக்கும் 112. தீக்கு 101. ஆம்புலன்சுக்கு 108. மழை வெள்ளத்துக்கு மும்பை மாநகராட்சியின் 1916. கேஸ் கசிவுக்கு 1906. செல்போனில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். செல்போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், பாட்டியும் பேத்தியும்தான் வீட்டில் இருப்பார்கள்.

கேஸ் வாடை வந்தால் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவைத் திறங்கள். லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; அந்தச் சிறு பொறி போதும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டைப் போட்டு மூடி அடுப்பை அணையுங்கள். ஷாக் அடித்தவரைக் கையால் இழுக்காதீர்கள். மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளி விடுங்கள்.

தீக்காயம் பட்டால் நம் வீடுகளில் ஒருவர் இட்லி மாவு என்பார், ஒருவர் பேஸ்ட் என்பார், ஒருவர் மை என்பார். மூன்றும் வேண்டாம். புண்ணில் அழுக்கு சேரும், ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது உயிர் போய் உயிர் வரும். சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். குழாயில் தண்ணீர் வராத நேரம் என்றால் டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது. வீங்குவதற்கு முன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான பருத்தித் துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மழைக்காலத்தில் இன்னொன்று. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நடந்தால், காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக 'லெப்டோ' என்கிற எலிக்காய்ச்சல் ஏறும். தேங்கிய தண்ணீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் முனிசிபல் டிஸ்பென்சரிக்குப் போய்க் காட்டினால் தடுப்பு மாத்திரை தேவையா என்று பார்த்துக் கொடுப்பார்கள். காய்ச்சல் வந்த பின் மெடிக்கல் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போவது வீரமல்ல.

அகதி முகாமில் பிறந்த மருந்து

1971இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துவிட்டது. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளவாகத் தண்ணீரில் கலந்து டிரம்களில் வைத்தார். அதை ஊட்டியவர்கள் யார்? பெரும்பாலும் நோயாளிகளின் அம்மாக்களும் அண்ணன் தங்கைகளும்தான். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் மறைந்தார். 2023இல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அந்தத் தண்ணீர்தான் இன்று நாம் சொல்லும் ஓ.ஆர்.எஸ்.

ஊரைவிட்டு வந்த ஏழைகளுக்காக, ஏழைகளின் கையாலேயே கொடுக்கப்பட்ட மருந்து அது. நம் வீட்டில் அது இல்லாமல் இருக்கலாமா? நான்கு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும்; முனிசிபல் டிஸ்பென்சரியில் கேளுங்கள். பாக்கெட்டில் எழுதியபடி முழு அளவுத் தண்ணீரில் கலக்க வேண்டும், பாதி பாதியாகக் கலக்கக் கூடாது. பாக்கெட் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அளந்து போடுங்கள். ஒவ்வொரு முறை வெளியே போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை மூத்திரம் போகவில்லை, கண் உள்ளே போகிறது, துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

கடையில் அட்டைப் பெட்டியில் இனிப்பாக விற்ற பானங்களையும் ஓ.ஆர்.எஸ். என்றே நம்பி வாங்கினோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானம் எதுவும் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அளவைப் பாருங்கள். சர்க்கரை மிகுந்த பானம் பேதியை அதிகமாக்கும்.

மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் காகிதப் பெட்டி

2005 சூலை 26ஆம் நாளை மும்பைத் தமிழன் மறக்க மாட்டான். சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று பல குடும்பங்கள் பாத்திரத்தை இழந்தன. பாத்திரத்தை மறுபடி வாங்கிவிட்டார்கள். ரேஷன் கார்டும் பழைய லைட் பில்லும் நனைந்து கூழான வீடுகளின் கஷ்டம்தான் பல வருடம் நீண்டது.

நமக்குக் காகிதம் என்பது வெறும் காகிதமல்ல, அது கூரை. 1976இல் ஜனதா காலனி மக்களைச் சீட்டா கேம்ப்புக்கு அப்புறப்படுத்தினார்கள். அந்த ஆண்டு எடுத்த குடிசைக் கணக்கில் கிடைத்த போட்டோ பாசை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் பெரியவர்களை எனக்குத் தெரியும். தாராவிச் சீரமைப்புத் திட்டத்திலும் 2000 சனவரி 1க்கு முன்பே இங்கே இருந்ததைக் காட்டுவோருக்கு ஒரு கணக்கு, காட்ட முடியாதோருக்கு வேறு கணக்கு. இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய ஒரு லைட் பில் இன்று ஒரு வீட்டின் விலை!

ஆகவே தாய்மார்களே, ஒரு தகரப் பெட்டி வாங்குங்கள். கார்டுகள், பில்கள், பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆஸ்பத்திரிக் கேஸ் பேப்பர் எல்லாவற்றையும் பாலிதீன் உறையில் போட்டு அதில் வையுங்கள். பெட்டி பரணில் இருக்கட்டும், கட்டிலுக்கடியில் வேண்டாம். ஒரு நகல் ஊரில் அண்ணன் வீட்டிலும் இருக்கட்டும். அதே பெட்டியில் டார்ச், தீப்பெட்டி, பருத்தித் துணி, ஓ.ஆர்.எஸ்., பெரியவர்கள் தினமும் சாப்பிடும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை ஒரு வாரத்துக்கு, அவசரத்துக்கு 500 ரூபாய். தண்ணீர் ஏறினால் பிள்ளையை ஒரு கையிலும் பெட்டியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். அவ்வளவுதான்.

தட்டில் என்ன இருக்கிறது?

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 67 பேருக்கு. நம் வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்? அம்மா. சட்டியில் அடியில் கிடப்பது அவருக்கு. சமத்துவம் பேசும் தோழர்களே, முதலில் அந்தச் சட்டியைப் பாருங்கள்!

காலையில் வடா பாவும் கட்டிங் சாயாவும் பசியை அடக்கும், ரத்தம் ஊறாது. சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் அதே சத்து நன்றாக ஒட்டும். இங்கே நாச்சணி என்று விற்கிறார்களே, அது நம் கேழ்வரகுதான். சுண்ணாம்புச் சத்துக்கு அதைப்போல மலிவான தானியம் இல்லை. வேர்க்கடலை, கொண்டைக்கடலை, முட்டை, சின்ன மீன் என்று தினம் ஏதாவது ஒன்று, முதலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். நம் ஊர்ப் புழுங்கலரிசியைப் பட்டிக்காட்டு அரிசி என்று ஒதுக்காதீர்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. தீட்டினாலும் முழுதும் போவதில்லை.

இதற்குப் பணம்? உரிமை இருக்கிறது, கேட்பதில்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் கார்டில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம்; 2023 சனவரி முதல் இலவசம். தமிழ்நாட்டுக் கார்டில் பி.எச்.எச். அல்லது ஏ.ஏ.ஒய். என்று இருந்து, ஆதாரும் இணைந்திருந்தால் மும்பை ரேஷன் கடையிலேயே வாங்கலாம். நீங்கள் இங்கே ஒரு பங்கு, ஊரில் இருக்கும் பெற்றோர் மீதிப் பங்கு என்று பிரித்தும் வாங்கலாம். என்.பி.எச்.எச். கார்டுக்கு இது கிடைக்காது. தமிழ்நாட்டரசு தனியாகக் கொடுக்கும் பருப்பும் எண்ணெயும் இங்கே வராது. கடைக்காரர் "மதராசி கார்டு செல்லாது" என்றால் சண்டை வேண்டாம். கடை எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து ரேஷனிங் ஆபீசுக்குப் போவோம்.

தோல் நிறமும் தோல் நலமும்

தோலைப் பற்றி ஒரு வார்த்தை. சிமெண்ட் குழைப்பவர் கை வெடிக்கிறது. தோல் தைப்பவர் விரல் பசையால் உரிகிறது. வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரிகளின் கை, சோப்புத் தூளில் வெந்து போகிறது. அந்தக் கைக்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஈரச் சிமெண்ட் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கையுறை கொடுப்பது மேஸ்திரியின் தர்மமல்ல, கடமை, கேட்டு வாங்குங்கள்.

ஆனால் முகத்துக்கு மட்டும் எத்தனை விளம்பரம்! 1975 முதல் 'ஃபேர்' என்ற பெயரில் விற்ற கிரீம், 2020இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. சொல் போனது, நம் மனத்திலிருந்து அந்த நினைப்பு போயிற்றா? பெண் பார்க்க வருமுன் மகளுக்குக் கிரீம் பூசும் வீடுகள் இன்னும் உண்டு. பேர் தெரியாத சில சிவப்பழகுக் கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் டாக்டர்கள் அப்படிப்பட்ட நோயாளிகளைக் கண்டறிந்தார்கள். படர்தாமரைக்கு மெடிக்கல் கடையில் தரும் கலப்புக் கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். இரண்டு மாதத்தில் உடம்பெல்லாம் படரும். டாக்டர் சீட்டில்லாமல் அவற்றை விற்கக் கூடாது என்று 2018இலேயே அரசு ஆணையிட்டது. வெயிலில் நின்று ரயில் பாதை போட்ட நம் பாட்டன் கொடுத்த நிறம் இது. இதற்கு வெட்கப்பட ஒரு காரணமும் இல்லை.

இனி செய்ய வேண்டியது

தனித்தனியே ஒவ்வொரு வீட்டிலும் பெட்டி வைப்பது பாதி வேலை. மீதிப் பாதி சங்க வேலை. ஒவ்வொரு சந்துக்கும் ஒரு தோழரும் ஒரு தாயும் பொறுப்பேற்று நோட்டுப் புத்தகம் ஒன்று போடுங்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர், பகலில் யார் வீட்டில் இருப்பார், தூக்கிச் செல்ல யார் இருக்கிறார், சந்தின் மெயின் சுவிட்ச் எங்கே என்பவை அதில் இருக்கட்டும். தமிழர் வீடு மட்டும் எழுதாதீர்கள். பக்கத்து மராத்தி வீடும் பீகாரித் தம்பிகள் தங்கும் அறையும் அதில் வர வேண்டும். தண்ணீர் மொழி பார்த்து ஏறுவதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இந்த நோட்டுகள் என் மேசைக்கு வரட்டும். விடுப்பு விண்ணப்பங்களைப் படித்துச் சலித்த கண்ணுக்கு அவை ஆறுதலாக இருக்கும்.