மல்லியா, வெட்டிவேரா?



கல்யாண சீசனுக்கு அத்தர் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் மல்லி, வெட்டிவேர் என இரண்டு சீசாவை நீட்டுவார். மணிக்கட்டுக்கு ஒன்றாகத் தடவிக்கொண்டு, ஒரு மணி நேரம் தேனி கடைவீதியைச் சுற்றிவிட்டு வந்து முகர்ந்து பாருங்கள். மல்லி முதலில் ஓடி வந்து சீக்கிரம் அடங்கும். வெட்டிவேர் வேரின் வாசனை; மெதுவாக எழுந்து சாயங்காலம் வரை நிற்கும்.

பேங்க்கில் இருந்தவன், கணக்கும் பார்ப்பேன். 1,000 கிலோ குண்டுமல்லி போட்டால் ஆலையில் 2 கிலோ வாசனை மெழுகுகூடத் தேறாது. அப்படியிருக்க 100 ரூபாய் சீசாவில் எங்கிருந்து மல்லி வரும்? பெரும்பாலும் ரசாயனம்தான்.

மல்லி வேண்டுமென்றால் நமக்கு ஆண்டிபட்டிப் பூ இருக்கிறதே! காலையில் பறித்த மொட்டு, சாயங்காலம் தலையில் இருக்கும்போதுதான் விரிந்து மணக்கும். என் வீட்டம்மாவுக்கு ஒரு முழம் பூ போதும். நான் வெட்டிவேர் கட்சி.

இன்னொன்று. நம் லிஃப்டில் வீசிங் உள்ளவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு எந்த வாசனையும் மூச்சை அடைக்கலாம். எதை வாங்கினாலும் ஒரு சொட்டோடு நிறுத்துங்கள். லிஃப்டுக்குள் ஸ்பிரே மட்டும் தயவுசெய்து வேண்டாம்.