குளிர் நாட்டில் மின்சாரக் கார்: எதற்குக் காசு கொடுப்பது?

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



"நார்வேயில் இத்தனை வருஷம் இருந்திருக்கியே, ஏதாவது பேசு" என்று செயலாளர் சொன்னார். பனி, மீன், நள்ளிரவுச் சூரியன் என்று பேசினால் பாதிப்பேர் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுவீர்கள். அதனால் நம்ம செட் நண்பர் ஒருவர் போன வருஷம் என்னிடம் கொண்டுவந்த பிரச்சினையையே பேசுகிறேன். உங்களில் பலருடைய பிள்ளைகள் கனடாவிலும் ஸ்வீடனிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது உதவும்.

நண்பருடைய மகள் லில்லஹாமரில் வேலை பார்க்கிறாள். 1994-இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். வீடு 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைச்சரிவில். இரண்டு சின்னக் குழந்தைகள். ஜனவரி இரவில் மைனஸ் 20 சாதாரணம். பெட்ரோல் காரை மாற்றி மின்சாரக் கார் வாங்கப்போகிறாள். நார்வேயில் இது ஒன்றும் அதிசயமில்லை. 2024-இல் அங்கே விற்ற புதிய கார்களில் 100-க்கு 88-க்கு மேல் மின்சாரக் கார்தான். ஆனால் இங்கே அப்பனுக்குத் தூக்கமில்லை. "பனியில நடுரோட்டில பேட்டரி தீர்ந்து, பேரப்பிள்ளைங்க விறைச்சுப் போனா என்னடா பண்றது?" என்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன். மகளோ, "அங்கிள், கையில் இருக்கிற பணத்துக்கு பெரிய பேட்டரியா, இல்ல ஹீட் பம்ப்பும் குளிர்காலப் பேக்கேஜுமா? ரெண்டும் வராது" என்று கேட்டாள்.

முதலில் அடிப்படை. பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் சக்தியில் பெரும்பங்கைச் சூடாக வீணாக்குகிறது. அந்த வீணான சூடுதான் பெட்ரோல் காரில் ஹீட்டர், ஓசி. மின் மோட்டார் அவ்வளவு வீணாக்குவதில்லை, அதனால் ஓசிச் சூடும் கிடைப்பதில்லை. பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும். போதாக்குறைக்குக் குளிரில் பேட்டரியே மந்தமாகிவிடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலிருந்து வர மறுக்கிற மாதிரி, உள்ளே அயனிகள் மெதுவாக நகரும். நார்வே வாகன ஓட்டிகள் சங்கம் 2020-இல் இருபது கார்களைக் குளிர்காலத்தில் ஓட்டிப் பார்த்தது. அறிவித்த தூரத்தில் சராசரியாக 18 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

இப்போது கணக்கு. (மின்னியல் பிரிவுக்காரர்கள் சிரிக்கக் கூடாது.) அந்தப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குக் குழந்தைகள் பள்ளி, வேலை, கடை எல்லாம் சேர்த்து 50 கிலோமீட்டர். கடுங்குளிரில் கிலோமீட்டருக்கு 0.3 யூனிட் என்று தாராளமாகவே வைத்தாலும் 15 யூனிட். 58 யூனிட் பேட்டரி தாராளம். வருஷத்துக்கு இரண்டு தடவை அப்பா அம்மாவைக் கூப்பிட ஓஸ்லோ விமான நிலையம் போவாள். போக வர ஏறக்குறைய 300 கிலோமீட்டர், 80 யூனிட். 58 யூனிட் பேட்டரிக்கு வழியில் ஒரு தடவை சார்ஜ் போட வேண்டும். சரி, 77 யூனிட் பேட்டரிக்கு? அதற்கும் ஒரு தடவைதான்! அவ்வளவு பணம் கொடுத்து ஒரு நிறுத்தம்கூட மிச்சமாகவில்லை. பெரிய பேட்டரி வீண் என்று சொல்லவில்லை. வாரா வாரம் ட்ரோண்ட்ஹெய்முக்கு டோவ்ரே மலையைத் தாண்டிப் போகிறவனாக இருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஹீட் பம்ப் என்பது நம்ம ஏ.சி.யைத் திருப்பிப் போட்டது. சாதாரண ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடு தரும். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து, பூஜ்ஜியம் டிகிரி வாக்கில் இரண்டு யூனிட்டுக்குக் குறையாமல் தரும். மைனஸ் 20-இல் அந்த லாபம் ரொம்பச் சுருங்கிவிடும். ஆக, விற்பனையாளர் சொல்வது போல "எவ்வளவு குளிரோ அவ்வளவு லாபம்" என்பது சரியில்லை. மிதமான குளிர் நீண்ட நாள் இருக்கிற ஊரில்தான் அது காசைத் திருப்பித் தரும். லில்லஹாமரில் அக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். வாங்கு என்றேன்.

அதைவிட முக்கியம் இருக்கைச் சூடும் ஸ்டியரிங் சூடும். ஒரு சீட்டுக்கு 100 வாட்டுக்குள்தான் இழுக்கும், ஒரு பழைய குண்டு பல்பு மாதிரி. கார் முழுக்கக் காற்றைச் சூடாக்குவதற்கு, ஏறின புதிதில் 4, 5 கிலோவாட் போகும். ஐந்து கிலோமீட்டர் போய் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஐந்து கிலோமீட்டர் போனால், ஓட்டுவதற்கு ஆகிற மின்சாரத்துக்கு ஈடாகச் சூட்டுக்கே போய்விடும். குளிரில் பேட்டரியைத் தின்பது இந்தக் குட்டிக் குட்டிப் பயணங்கள்தான். நெடும்பயணத்தில் சூட்டின் பங்கு பத்தில் ஒன்றுக்கு அருகில் வந்துவிடும்.

காலையில் வீட்டு ப்ளக்கில் இருக்கும்போதே டைமர் வைத்துக் காரைச் சூடாக்கிக்கொண்டால் அந்த மின்சாரம் வீட்டு மீட்டரில் போகும், பேட்டரியில் போகாது. குழந்தைகளுக்கும் அதுதான் நல்லது. தடித்த ஜாக்கெட்டோடு குழந்தை இருக்கையில் கட்டினால் பெல்ட் சரியாக இறுகாது.

வீட்டு ப்ளக் என்றதும் ஒரு விஷயம். 11 கிலோவாட் வீட்டுச் சார்ஜருக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். நார்வேயின் பழைய பகுதிகளில் நியூட்ரலே இல்லாத 230 வோல்ட் சப்ளை. நம்ம ஆட்களுக்குக் கேட்டாலே மயக்கம் வரும். 11 கிலோவாட் என்பது 400 வோல்ட் மூன்று ஃபேஸில் கிடைப்பது. இந்த மாதிரி வீட்டில் பல கார்களுக்கு 3.6 அல்லது 7 கிலோவாட்தான் ஏறும். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். இரவு பத்து மணி நேரம் 3.6 கிலோவாட்டில் ஏறினாலே 36 யூனிட். அவளுடைய 15-க்கு இது போதாதா?

வேகச் சார்ஜ் வேறு கதை. குளிர்ந்த பேட்டரியில் வேகமாக மின்சாரம் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து சேதம் வரும். அதனால் காரே வேகத்தைக் குறைத்துவிடும். சார்ஜருக்குப் போகும் முன்பே பேட்டரியைச் சூடாக்கும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். சில கார்களில் அதுவும் தனிக் காசு. அடிப்படை மாடலில் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி என்றால் இந்தக் கேள்வி இன்னும் அவசியம், அது குளிரில் கூடுதல் மந்தம்.

நான்கு சக்கரமும் இழுக்கிற மோட்டார் மேட்டில் ஏறத்தான் உதவும். நிறுத்துவது டயர். அங்கே குளிர்கால நிலைமையில் டயர்ப் பள்ளம் குறைந்தது 3 மில்லிமீட்டர் வேண்டும் என்பது சட்டம். ஆணி வைத்த டயர் தெற்குப் பகுதியில் நவம்பர் 1 முதல் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வரை போடலாம். மலைச்சரிவு வீட்டுக்கு ஆணி டயர் போதும் என்று அவளே முடிவு செய்தாள். மாப்பிள்ளைக்கு 20 அங்குலச் சக்கரத்தின் மேல் ஆசை. அது தூரத்தையும் குறைக்கும், இரண்டு செட் டயர் விலையையும் ஏற்றும். அந்தக் குடும்ப விவகாரத்தில் நான் தலையிடவில்லை.

கடைசியில் 58 யூனிட், ஹீட் பம்ப், குளிர்காலப் பேக்கேஜ். நண்பருடைய பயத்துக்குப் பதில் இது: பாதி பேட்டரியோடு பனியில் மாட்டிக்கொண்டாலும் 29 யூனிட் இருக்கும். நின்ற காரைக் கதகதப்பாக வைக்க மணிக்கு இரண்டு, இரண்டரை யூனிட். பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். புகையும் இல்லை, மூடிய பனிக்குள் புகை நச்சு என்ற பயமும் இல்லை. இதைச் சொன்ன பிறகுதான் அவர் போனை வைத்தார்.

காலையில் கோத்தகிரி நண்பர் ஒருவர், "எங்க ஊருக்கும் ஹீட் பம்ப் வேணுமா?" என்றார். வேண்டாங்க. சீட் சூடு கிடைத்தால் போதும். ஒன்று மட்டும்: மேலே வீட்டில் 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்காதீர்கள். இறக்கத்தில் திரும்பி வருகிற மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இருக்காது, பிரேக்தான் தேயும். 80-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.