மூன்றாவது குட்டி

விலங்குக் காட்சிசாலைகளில் நீர்யானைகள் இனம் பெருகிய வரலாற்றைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருப்பதோ சில நிமிடங்கள். அதனால் லண்டனில் பிறந்த குட்டிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கால்நடை மருத்துவனாக எனக்கு அந்தக் கதைமேல் தனிப் பிரியம்.

1850 மே மாதம் லண்டன் காட்சிசாலைக்கு ஒரு ஆண் நீர்யானைக் குட்டி வந்தது. எகிப்தை ஆண்ட அப்பாஸ் பாஷா அனுப்பியது. பதிலுக்கு வேட்டை நாய்கள் போயின. அது பிடிபட்ட நைல் தீவின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்: ஓபைஷ். ஹமத் என்ற பராமரிப்பாளர் கெய்ரோவிலிருந்து கூடவே வந்து, இரவில் அதன் அருகிலேயே படுத்துக்கொண்டார். கூட்டம் சொல்லி முடியாது. ஓபைஷின் பெயரைச் சொல்லி நடன இசைகூட அச்சாகி விற்றது. 1854இல் துணைக்கு அதேலா வந்தாள்.

உடனே குட்டி பிறந்துவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? முதல் குட்டி பிறந்தது 1871 பிப்ரவரியில். பதினேழு வருடக் காத்திருப்பு! அது சில நாள்கூடத் தாங்கவில்லை. அடுத்த ஜனவரியில் இன்னொன்று, அதுவும் போயிற்று. குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து நாமே வளர்த்துவிடலாம் என்ற முயற்சியும் பலிக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நின்றுகொள்கிறேன். நீர்யானைக் குட்டி தண்ணீருக்கு அடியிலேயே பால் குடிக்கும், தெரியுமா? காதையும் மூக்கையும் இறுக மூடிக்கொண்டு தாயின் மடியைத் தேடிப் போகும். மூச்சு வாங்க மேலே வரும், மறுபடி முங்கும். கரையில் நிற்கிற மனிதனுக்கு அது முழுகிச் செத்துக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும்.

நான் வேலை பார்த்த ஒரு காட்சிசாலையிலும் அதே கதைதான். தொட்டித் தண்ணீர், சாணம் கரைந்து, கீரை மசியல் மாதிரி இருக்கும். உள்ளே ஒன்றும் தெரியாது. விடிகாலையில் குட்டி போட்டிருக்கிறது என்று ஆள் வந்து சொன்னான். ஓடினேன். தாய் மட்டும்தான் தெரிகிறது. பதறிப்போன அதிகாரி ஒருவர் தண்ணீரை இறக்கச் சொன்னார். முப்பது வருடம் அங்கேயே உழைத்த பராமரிப்பாளர் வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. "டாக்டர் சார், தண்ணிய இறக்கினா தாய் மிரண்டு குட்டிய மிதிச்சுரும். சும்மா இருங்க, மேல வரும்" என்றார். வந்தது. இரண்டு மூக்குத் துவாரம், இரண்டு காது. காதைச் சடசடவென்று உதறிவிட்டு மறுபடி முங்கிவிட்டது. அதிகாரி டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒரு நேயர் கடிதத்தில் கேட்டிருந்தார்: நீர்யானைப் பால் இளஞ்சிவப்பாமே? இல்லை ஐயா, வெள்ளைதான். தோலில் கசிகிற திரவம்தான் செந்நிறம். யாரோ இரண்டையும் கலந்துவிட்டார்கள்.

சரி, லண்டனுக்கு வருவோம். மூன்றாவது குட்டி பிறந்தது 1872 நவம்பர் 5. அந்த நாட்டில் வாண வேடிக்கை நாள். கை ஃபாக்ஸ் என்ற பழைய சதிகாரனின் பெயரில் கொண்டாடுவது. குட்டிக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். பிறகு பார்த்தால் அது பெண்! பெயரை யாரும் மாற்றவில்லை. கண்காணிப்பாளர் பார்ட்லெட் இந்த முறை தாயையும் சேயையும் தொந்தரவு செய்யவில்லை. அதேலாவே பால் கொடுத்தாள். கை ஃபாக்ஸ் 1908 வரை உயிரோடு இருந்தாள்.

ஆனால் தலையிடவே கூடாது என்றும் சொல்லமாட்டேன். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பியோனா ஆறு வாரம் முன்னதாகவே பிறந்தாள். சுமார் 13 கிலோதான். குறைந்தது 25 கிலோவாவது இருக்கவேண்டும். அவளால் நிற்கவே முடியவில்லை. தாய் பீபியிடம் கையால் பால் கறந்து ஊட்டினார்கள். உடம்பில் நீர் வற்றியபோது, நரம்பு கண்டுபிடித்து ஊசி ஏற்றக் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். 2022இல் தம்பி ஃபிரிட்ஸ் பிறந்தான். பீபி அப்போது கருத்தடை மருந்தில் இருந்தாள் என்பதுதான் வேடிக்கை. ஒரு குட்டிக்கு ஏங்கிய காலம் போய், போதும் என்று தடுக்கிற காலம் வந்திருக்கிறது. இடம் வேண்டுமே!

பெர்லின் கதை, போர்க்கால நீர்யானைகள் எல்லாம் பாக்கி. தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று, நேயர்களே. அடுத்த முறை நீர்யானை வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்தால், ரப்பர் பந்தோ பாலித்தீன் பையோ உள்ளே எறியாதீர்கள். குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள்.