வாயிலும் வழியும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் வாழும் ஹவுராவில், சிப்பூரில், 1856இல் தோன்றிய பழம்பெரும் பொறியியற் கல்லூரி விளங்குகின்றது. அதன் வாயிலை நாள்தோறும் கடந்து செல்லும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் உள்ளே புகும் வழியை அறிவர்? வாயில் திறந்திருப்பது வேறு. வழி தெரிந்திருப்பது வேறு. இவ்வேற்றுமையை நன்குணர்ந்து உழைத்த தமிழர் ஒருவரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

அவர் பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன். வாணியம்பாடியில் 1928இல் பிறந்து, கிண்டியிற் பயின்று, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். பொறியியற் கல்லூரிச் சேர்க்கையில் ஒற்றைச்சாளர முறை உருவாக முதன்மையான காரணர் அவரே. மாணவரைத் தரவரிசைப்படி ஓரிடத்திற்கு அழைத்து, எக்கல்லூரியில் எத்தனை இடம் எஞ்சியுள்ளது என்பதை அனைவரும் காணக் காட்டி, அவரவரே தேர்ந்துகொள்ளச் செய்தது அம்முறை. செல்வர் மகனும் உழவர் மகளும் ஒரே திரையை நோக்கி நின்றனர்.

எனினும், 1984 முதல் நடந்த நுழைவுத் தேர்வு தடையாக நின்றது. நகரத்துப் பிள்ளை பணம் கொடுத்துத் தனிப்பயிற்சி பெற்றது; சிற்றூர்ப் பிள்ளைக்கு அது கிட்டவில்லை. 2006இல் அவர் தலைமையில் அமைந்த குழு அத்தேர்வை நீக்கப் பரிந்துரைத்தது. 2007இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தகுதி குன்றும் என்றனர் சிலர். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பைவிட ஒருநாள் தேர்வா தகுதியின் அளவுகோல்? பின்னர் 2010இல் குடும்பத்தின் முதற் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் வந்தது.

இது நம் நாட்டுச் சிக்கல் மட்டுமன்று. அமெரிக்காவில் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும், செலவும் வழிகாட்டுவார் இன்மையும் கறுப்பின மாணவரின் கல்லூரித் தேர்வைக் குறுக்கியே வந்தன. உரிமை கிடைத்தும் உற்ற துணை இல்லையேல் பயன் என்ன?

பேராசிரியர் 2021இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பணியில் ஒரு சிறு பங்கு நமக்கும் உண்டு. நம் காலனியில், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி காணப்போகும் பிள்ளைகள் இருக்கின்றனர். தேர்வு முடிவு வரும் நாட்களில், படித்த பெரியோர் சிலர் மாலைதோறும் சங்கக் கூடத்தில் அமர்ந்து, விண்ணப்பம் நிரப்பவும் உதவித்தொகை தேடவும் துணை நின்றால் போதும். விழாவின் சிறப்பு விளக்கொளியில் இல்லை. ஒரு பிள்ளைக்கேனும் வழி காட்டுவதில் உள்ளது.