சாவி என்னிடம் இருக்கட்டும்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தின் முடிவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்துக் களைத்திருப்பீர்கள். பத்தே நிமிடம்தான் கேட்கிறேன். 30 வருடம் கல்லூரியில் காமர்ஸ் எடுத்தவள் என்பதால், படித்துக்கொண்டே வேலைக்கும் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர்.

எனக்கு ஒரு மாணவன் இருந்தான். காலை ஷிஃப்ட், எட்டரை மணி வகுப்பு. முன் பெஞ்சிலேயே தூங்குவான். நான்கு முறை வெளியே அனுப்பினேன். பிறகுதான் தெரிந்தது, அவன் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிற பையன் என்று. ரிசப்ஷன் பந்தி முடிய 11 மணி ஆகும். அதற்குப் பிறகு காலை டிபனுக்குக் காய் நறுக்க வேண்டும். கடைசி பஸ் போயிருக்கும், மண்டபத்திலேயே படுத்துவிட்டு நேராக வகுப்புக்கு வருவான். அந்த செமஸ்டரில் அட்டெண்டன்ஸ் 61 சதவீதம். எங்கள் கல்லூரியில் 75 வேண்டும். 65க்கு மேல் இருந்தால் அபராதம் கட்டி எழுதலாம். அவனால் எழுத முடியவில்லை. அவன் இழந்த மணிகளில் நான் வெளியே அனுப்பிய நான்கும் உண்டு.

கணக்குப் போட்டால் நேரம் இருக்கிறது. வாரத்துக்கு 168 மணி. வகுப்பு 25, பஸ் 10, தூக்கம் 49, குளியல் சாப்பாடு 21. போக 63. வேலைக்கு 30 கொடுத்தாலும் 33 மிஞ்சும். ஆனால் அந்த 33 மணி ஒரே கட்டாகக் கிடைக்காது. அரை மணி, முக்கால் மணி என்று சில்லறையாக வரும், செல்போன் வாங்கிக்கொள்ளும்.

மாணவர்களே, இன்னொரு கணக்கையும் கேளுங்கள். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால் 22 நாள்தான் விடலாம். வாரம் ஒரு நாள் தூங்கிப்போனாலே 18 போய்விட்டது. ஒரு காய்ச்சல் வந்தால் மீதியும் காலி.

அந்தப் பையன் அடுத்த செமஸ்டரில் ஒன்றே ஒன்று செய்தான். தேர்வுத் தேதிகளையும் இன்டர்னல் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, ஆரம்பத்திலேயே சமையல் கான்ட்ராக்டரிடம் கொடுத்தான். சனி, ஞாயிறு முகூர்த்தம் மட்டும் போதுமா என்று கேட்டான். அவர் உடனே சரி என்றாராம். "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?" என்று திட்டும் விழுந்ததாம். வருமானம் குறைந்தது, அதை மறைக்கவில்லை. நின்றுபோன தேர்வுகளையும் சேர்த்தே எழுதி முடித்தான்.

வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அவன் முதலில் விட்டது கபடி. இரண்டாவது தூக்கம். பெரும்பாலான பிள்ளைகள் இந்த வரிசையில்தான் விடுகிறார்கள், நாமும் அதைப் பொறுப்பு என்று பாராட்டுகிறோம். நம் குடியிருப்பிலேயே ஒரு வீட்டில் பிளஸ் டூவுக்காகப் பரணில் ஏறிய மிருதங்கம், பையன் மூன்றாம் வருடம் வந்தும் இறங்கவில்லை. யார் வீடு என்று சொல்லமாட்டேன், அவர்களுக்கே தெரியும். வாரத்தில் இரண்டு மணி நேரம் வாசித்தால் டிகிரி போய்விடாது. எந்த மார்க்குக்கும் சம்பந்தமில்லாத ஒன்றை அந்த வயதில் வைத்திருக்கிற பிள்ளைகள் ஓர் அரியர் விழுந்தால் அவ்வளவாக உடைந்துபோவதில்லை. இது நான் பார்த்தது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று ரேஷன், கேஸ் புக்கிங், பாட்டியின் மாத்திரை எல்லாவற்றையும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், அந்த 33 மணியிலிருந்துதான் எடுக்கிறோம். வேலை சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த நாள், எந்த நேரம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. கிளப் ஹவுஸ் மாடி அறையை எட்டு மணிக்குப் பூட்டுகிறோம். நவம்பரிலும் ஏப்ரலிலும் மட்டும் 11 வரை திறந்து வைக்கலாமே. நம் வீட்டுப் பிள்ளைகளோடு, இரவுக் காவலுக்கு வருகிற, தபால் வழியில் பி.ஏ. படிக்கிற தம்பியும் தன் ஓய்வு நேரத்தில் அங்கே உட்கார்ந்து படிக்கட்டும். செயலாளர் கரண்ட் பில்லை யோசிப்பது முகத்தில் தெரிகிறது. இரண்டு எல்இடி ட்யூப்லைட், ஒரு ஃபேன், மூன்று மணி நேரம்: மாதம் 10 யூனிட் சொச்சம்தான் சார். சாவிக்கு ஆள் வேண்டுமென்றால் நான் முதல் மாடியில்தான் இருக்கிறேன், 11 மணிக்கு நானே பூட்டிவிடுகிறேன்.