கிளட்ச் கேபிளை வெட்டலாமா?

இந்த எபிசோடு காயல்பட்டினத்துல இருந்து வந்த ஒரு கேள்விக்காக. காலேஜ் படிக்கிற ஒரு தம்பியும் அவரோட காக்காவும், அதாவது காயல் வழக்கத்துல அண்ணனும், வீட்டுக் கொல்லையில பைப்பை வெல்டு பண்ணி ஒரு குட்டிக் கார் கட்டுறாங்க. மாருதி 800 இன்ஜின், சீட்டுக்குப் பின்னாடி. 800-ஓட கிளட்ச் கேபிள் அவ்வளவு தூரம் எட்டல. வேற வண்டியோட நீளமான கேபிளை வாங்கினா ஒரு சாண் அதிகம். 'வெட்டிடலாமா?'ன்னு கேக்குறாங்க.

இந்த இன்ஜினை எடுத்து வேற உடம்புல வைக்கிறது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. கோயம்புத்தூர்ல எஸ். கரிவரதன் 800 இன்ஜினை வெச்சுத்தான் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டினார். அங்க இருக்குற காரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் ஓடுது.

சரி, கேபிள். பைஜாமா நாடாவை நினைச்சுக்கோங்க. துணி மடிப்புதான் அவுட்டர், உள்ள ஓடுற நாடா இன்னர். இந்த அமைப்புக்கு பௌடன் கேபிள்னு பேரு, 1896-லயே காப்புரிமை வாங்கியாச்சு. இதுல முக்கியம் மொத்த நீளம் இல்ல. அவுட்டருக்கு வெளிய இன்னர் எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கு என்பதுதான். அவுட்டரை மட்டும் ஒரு சாண் வெட்டினா இன்னர் ஒரு சாண் தொங்கும், பெடலை மிதிச்சாலும் கிளட்ச் அசையாது. வெட்டினா ரெண்டையும் ஒரே அளவு வெட்டணும்.

அவுட்டர் சுலபம். இன்னரை முழுசா உருவிட்டு கட்டிங் வீல்ல வெட்டுங்க. கட்டிங் பிளேயர்ல வெட்டினா ஓட்டை நசுங்கிடும். முகத்தைச் சமமா அரம் போட்டு, உள்ள இருக்குற பிசிறை எடுத்து, தொப்பியை மாட்டிடுங்க.

இன்னர்லதான் ஆபத்து. முனையில இருக்குற நிப்பிள் போயிடும், புதுசா வைக்கணும். டூவீலர் கடைல ஸ்க்ரூ போட்டு முடுக்குற நிப்பிள் கிடைக்கும். அது வழியில வயர் அறுந்தா வீடு வந்து சேர மட்டும். கை லீவருக்கே அது நழுவும். காலால மிதிக்கிற விசைக்கு எங்க நிக்கும்? பித்தளை நிப்பிள்ல வயரை நுழைச்சு, இழைகளைப் பூ மாதிரி விரிச்சு, அந்தக் குழி நிறைய ஈயம் ஓடவிடணும். ரொம்பச் சூடு காட்டினா வயர் மொறுமொறுன்னு ஆகிடும். ஃப்ளக்ஸைக் கழுவாம விட்டா அதுவே வயரை அரிச்சிடும். அப்புறம், வண்டியில மாட்டுறதுக்கு முன்னாடி வைஸ்ல கடிக்கவிட்டு முழு பலத்தோட இழுத்துப் பாருங்க. ஒரு தடவை இல்ல, நிறைய.

இவ்வளவும் சொல்லிட்டு நான் சொல்றது: ஒரு சாணுக்காக வெட்டாதீங்க தம்பி. கேபிளைப் பெரிய வளைவா சுத்தி விடுங்க. சைலன்சரைத் தொடாம, கூர்மையா மடங்காம இருந்தா போதும். இன்ஜின் ரப்பர் மவுண்ட்ல ஆடுறதால கேபிள்ல கொஞ்சம் தளர்ச்சி எப்படியும் வேணும். வளைக்க இடமே இல்லன்னா, கேபிள் செய்ற கடையில அளவு சொல்லி புதுசா பண்ணிக்கோங்க.

அவங்க ஊருக்கு இன்னொரு விஷயம் இருக்கு. ஒரு பக்கம் கடல், சுத்தி உப்பளம். அவுட்டர் மேல இருக்குற பிளாஸ்டிக் ஒரு இடத்துல கிழிஞ்சாலும் உப்பு ஈரம் உள்ள போய் இழையை ஒவ்வொண்ணா அறுக்கும். பெடல் திடீர்னு தளர்ந்தா 'கேபிள் நீண்டுடுச்சு'ன்னு அட்ஜஸ்டரைத் திருகுறாங்க எல்லாரும். பல தடவை அது நீளல, பாதி இழை அறுந்திருக்கு. முதல்ல நிப்பிள் பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க.

கடைசியா, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவான வண்டியோட அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த விடாது. நீங்களே கட்டினதுக்குப் பதிவும் லேசுல கிடைக்காது. அதனால திருச்செந்தூர் ரோட்டுப் பக்கம் வேண்டாம், கொல்லைக்குள்ளயே ஓட்டுங்க. ஓடினதும் வீடியோ அனுப்புங்க தம்பி, கேபிள் போற வழி தெரியுற மாதிரி.