நிலக்கடலையின் பொட்டு நோய்

நம் நாட்டில் நிலக்கடலை மிகுதியாக விளையும் மாநிலம் குஜராத். அதிலும் சௌராஷ்டிரப் பகுதியில் மழைக்காலம் என்றாலே கடலைக் காலந்தான். ஆனி, ஆடி மாத மழையில் விதைத்து, ஐப்பசி வாக்கில் செடியைப் பிடுங்குவர். பருப்பு எண்ணெய்க்குப் போகும். கொடி மாட்டுக்குத் தீவனமாகும். ஆதலின் இலை போனால் இரண்டு வரும்படியும் போயிற்று.

“இலை கொட்டிவிட்டது, காய் முற்றிவிட்டது” என்று குடியானவர் சொல்வதுண்டு. இவ்வுரையில் நாம் மறுக்க விரும்புவது இக்கூற்றையே. முற்றிய செடி சில இலைகளை உதிர்க்கும் என்பது மெய். ஆனால் 70, 80 நாட்களிலேயே தண்டு மட்டும் நிற்கும்படி இலை உதிர்வது முதிர்ச்சியன்று, நோய்.

இதற்கு ‘டிக்கா’ என்று பெயர். நெற்றிப் பொட்டை ஹிந்தியில் ‘டீகா’ என்பர். கோப்புகளை மொழிமாற்றுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தனை தெளிவான கலைச்சொல் கிட்டுவது அரிது!

பொட்டு ஒன்றே போல் தோன்றினும், அதை இடுபவை இரண்டு பூசணங்கள். முன்பருவப் புள்ளி, விதைத்த மூன்று, நான்கு வாரங்களில் அடியிலைகளில் தோன்றும். மேற்புறம் செம்பழுப்பாக, பெரும்பாலும் மஞ்சள் வளையத்துடன் இருக்கும். பின்பருவப் புள்ளி சற்றுத் தாமதித்து வரும். உருண்டையாக, ஏறக்குறையக் கறுப்பாக இருக்கும். மஞ்சள் வளையத்தை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது. அது இரண்டிலும் வரக்கூடும். இலையைத் திருப்பிப் பார்ப்பதே நல்ல வழி. அடிப்புறம் கரி தடவினாற்போல் சொரசொரப்பாக இருப்பின் அது பின்பருவப் புள்ளி. சௌராஷ்டிரத்துச் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்துக் குறைவாலும் செடி மஞ்சளிக்கும். ஆனால் அது நுனிக் கொழுந்தில் தொடங்கும், புள்ளியும் இராது.

நோய் முற்றினால் காய் சிறுப்பதோடு நிற்பதில்லை. பூவிலிருந்து மண்ணுள் இறங்கிக் காயைத் தாங்கும் விழுதுகள் நலிகின்றன. செடியை இழுக்கையில் அவை அறுந்து, விளைந்த காயும் மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

இப்பூசணங்கள் உதிர்ந்த சருகிலும், தானே முளைத்த கடலைச் செடியிலும் தங்கி, மழைத்துளியாலும் காற்றாலும் பரவுகின்றன. இவற்றால் தாக்கப்படும் பயிர் நிலக்கடலை ஒன்றே. ஆகவே அடுத்த ஆண்டு அதே நிலத்தில் பருத்தியோ கம்போ ஆமணக்கோ பயிரிடுவதும், சருகை ஆழ உழுது புதைப்பதும் பெரும் பயன் தரும். கருநாடகத்தின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஜி.பி.பி.டி. 4’ என்னும் இரகம் பின்பருவப் புள்ளியையும் துரு நோயையும் தாங்கவல்லது.

மருந்து தெளிப்பதாயின், புள்ளி தலைகாட்டியவுடன் தெளிக்க வேண்டும். இலை உதிர்ந்தபின் தெளிப்பது வீண்செலவு. லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் மான்கோசெப் கலந்து, இலையின் அடிப்புறமும் நனையத் தெளித்து, தேவைப்படின் 15 நாள் கழித்து மீண்டும் தெளிக்கலாம். மருந்துபட்ட கொடியை மாட்டுக்கு இடலாமா, எத்தனை நாள் கழித்து இடலாம் என்பதை முன்னரே வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிக.

அறுவடை நாளை இலையைப் பார்த்துக் குறிக்க வேண்டாம். வயலில் ஆங்காங்கே சில செடிகளைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உட்புறம் வெண்மையாயின் பிஞ்சு. பழுப்பும் கருமையும் படர்ந்திருப்பின் முற்றல். ஆயினும் இலை பெரும்பகுதி போய்விட்ட வயலில், எல்லாக் காயும் முற்றட்டும் என்று காத்திருப்பதும் நட்டமே. இழுத்த கையோடு காய் வருகிறதா, விழுது அறுகிறதா என்று நாள்தோறும் பார்த்து, அறத் தொடங்கியதுமே அறுவடையை முடித்துவிடுவது நலம்.